பச்சோலைக் குடிசையில் எழுதிய கதை

வச்சலா ஒரு நாவல் எழுதினாள் என்று சொன்னால் அந்தக் குப்பத்தில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். "யாரு, சிங்காரம் பொண்ணா? செங்கல்பட்டு மார்க்கெட்டுல கூடை வச்சிக்கினு குந்துவாளே, அவளா?" என்று கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். எழுதினாள் என்றால் எழுதினாள். இருநூறு பக்கக் கட்டு நோட்டு, முன்பக்கம் பின்பக்கம் இரண்டிலும், நீல மசியில், குண்டு குண்டு எழுத்தில். அதைப் படித்தது உலகத்தில் ஒரே ஒருத்தி. அவளும் கடைசி அத்தியாயத்தைப் படிக்கவில்லை.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே இரண்டு மைல் தள்ளிக் கடலைப் பார்த்துக் கிடந்த நாற்பது ஐம்பது குடிசைகளில் ஒன்றுதான் அவள் வீடு. அப்பா சிங்காரம் கட்டுமரத்தில் போகிறவர். அம்மா ஆதியம்மாள் மீன் கூடையோடு பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போய் விற்றுவிட்டு வருகிறவள். வச்சலா கடலோரமாகவே நடந்துபோய் மாமல்லபுரத்து ஹைஸ்கூலில் படித்தாள். அந்தக் குப்பத்திலிருந்து ஒன்பதாம் வகுப்பை எட்டிப் பார்த்த பெண்பிள்ளை அவள் ஒருத்திதான். ஏன் தெரியுமா? பதினாலு வயசாகியும் அவள் இன்னும் ஆளாகவில்லை. அவ்வளவுதான் காரணம். ஆளாகிவிட்டால் அன்றைக்கே பள்ளிக்கூடத்துக்கு முழுக்கு. அப்புறம் ஆதியம்மாளின் தம்பி தாண்டவராயன் இருக்கிறான், சதுரங்கப்பட்டினத்தில். வச்சலா பிறந்த அன்றைக்கே அவனுக்குத்தான் என்று பேசி வைத்தாயிற்று. பிறந்த குழந்தையைக் கேட்டா பேசுவார்கள்?

அது கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டிக்கொண்டிருந்த சமயம். அங்கே படம் வரைகிற உத்தியோகத்தில் இருந்த பார்த்தசாரதி என்பவர் மாமல்லபுரத்தில் வாடகைக்குக் குடிவந்தார். அவர் மகள் அமிர்தவல்லி வச்சலாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அமிர்தவல்லி வீட்டுக்கு மெட்ராஸிலிருந்து பிள்ளைகள் பத்திரிகை ஒன்று வரும். அதைப் பள்ளிக்குக் கொண்டுவருவாள். ராஜகுமாரி, பறக்கும் கம்பளம், மலைமேல் பூதம். வச்சலா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படித்துவிட்டு ஒருநாள் உதட்டைப் பிதுக்கினாள்.

"எல்லாம் மலை, காடு, அரண்மனை. எங்க வூட்டாண்ட நடக்குற மாதிரி ஒண்ணுகூட இல்லியே."

"அப்ப நீயே எழுதேன்" என்றாள் அமிர்தவல்லி. விளையாட்டுக்குத்தான் சொன்னாள். மறுநாள் தன் அப்பாவிடம் கேட்டு ஒரு கட்டு நோட்டும், பழைய மைப் பேனாவும், பாதி மசி இருந்த பாட்டிலும் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. கதையில் ஒரு தீவு. அந்தத் தீவில் பெண்பிள்ளைகள் ஆளானதும் அவர்களுடைய காலடித் தடத்தைக் கடல்ராணிக்குக் கொடுத்துவிட வேண்டும். அதற்கப்புறம் அவர்கள் எவ்வளவு நடந்தாலும் மணலில் தடம் விழாது. எங்கே போனார்கள், எந்தப் பக்கம் திரும்பினார்கள், யாருக்கும் தெரியாது. சங்குமணி என்கிற பெண் மட்டும் ஆளாவதற்கு முன்னால் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். ஏழு அலை தாண்டி, கடல்ராணி தடங்களைப் பூட்டி வைத்திருக்கிற குகைக்குப் போகிறாள். தன் தடத்தைக் காப்பாற்றிக்கொள்ள மட்டுமில்லை. அம்மாவின் தடத்தைத் திருப்பிக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுக்க வேண்டும்.

பதினாலு வயசுப் பெண் எழுதினது இது. சும்மா சொல்லக்கூடாது, நமக்கெல்லாம் அறுபது வயசானாலும் தோணாது.

எழுதுவதற்கு நேரம் ஏது? தண்ணீர் எடுக்கணும், நெத்திலி காயப்போடணும், காக்கா விரட்டணும். கரையில் இழுத்துப் போட்டிருந்த கட்டுமரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து நாலு வரி எழுதுவாள். அதற்குள் "ஏய் வச்சலா, எங்கடி பூட்ட?" என்று குரல் வந்துவிடும். இருபத்திரண்டு அத்தியாயம் எழுத ஒன்றரை வருஷம் பிடித்தது. இதற்கு நடுவில் அந்தப் பத்திரிகையில் ஒரு அறிவிப்பு வந்தது. பதினாறு வயசுக்கு உட்பட்ட பிள்ளைகள் தொடர்கதை எழுதி அனுப்பலாம். தேர்வானால் வாராவாரம் படத்தோடு வரும். கடைசித் தேதி எழுபத்திரண்டு செப்டம்பர் முப்பது.

"இன்னும் ஒரே அத்தியாயம். முடிச்சிக் குடு, நானே தபால்ல சேத்துடறேன்" என்றாள் அமிர்தவல்லி.

ஒரே அத்தியாயம். ஆனால் அது வரவே இல்லை. சங்குமணி குகைக்குள் போய்விட்டாள். போனவள் என்ன பார்த்தாள்? வச்சலாவுக்கே தெரியவில்லை. இந்தத் தவிப்பில் இருந்தபோதுதான் ஆவணி மாதத்தில் ஒருநாள் அவள் ஆளானாள்.

ஆதியம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை, சந்தோஷத்தில். அன்றைக்கே ஆள் போயிற்று. தாண்டவராயன் பச்சைத் தென்னங்கீற்றும் மூங்கிலுமாக வந்து இறங்கினான். இருபத்தஞ்சு வயசு, வாட்டசாட்டமான ஆள், பேச்சு குறைவு. தாய்மாமன்தான் குடிசை கட்ட வேண்டும். வீட்டுக்குப் பத்தடி தள்ளி மணலில் மூங்கில் நட்டு, ஓலை வேய்ந்து, சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டான். வச்சலா உள்ளே போனாள். வாசலில் உலக்கையைக் குறுக்கே போட்டார்கள், வேப்பிலை செருகினார்கள். பதினோரு நாள் அவள் வெளியே வரக்கூடாது. தனித் தட்டு, தனிப் பாய். அவள் தொட்டதை யாரும் தொடக்கூடாது.

முதல் நாள் அழுதாள். பள்ளிக்கூடம் போச்சே என்று குப்புறப் படுத்து அழுதாள். இரண்டாம் நாள் காலையில் கண் விழித்து, ஓலை இடுக்கில் வந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தவளுக்குச் சட்டென்று உறைத்தது. இன்றைக்குத் தண்ணீர் எடுக்க வேண்டாம். நெத்திலி பார்க்க வேண்டாம். யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பிறந்ததிலிருந்து அவளை ஒரு வேலையும் ஏவாத நாட்கள் இவைதான். எழுந்து உட்கார்ந்தாள்.

"யம்மா, என் நோட்டும் பேனாவும் குடேன். பரீட்சைக்குப் படிக்கணும்."

"இனிமே இன்னாடி பரீட்சை ஒனக்கு?" என்றாள் ஆதியம்மாள். ஆனால் அன்றைக்கு அவள் மனசு இளகிக் கிடந்தது. நோட்டைக் கொண்டுவந்து வாசலில் வைத்து, மகளைத் தொட்டுவிடாமல் குச்சியால் உள்ளே தள்ளினாள்.

உளுந்தங்களி வந்தது, நல்லெண்ணெய் வந்தது, பச்சை முட்டை வந்தது. முழுங்கினாள், எழுதினாள். குகைக்குள் ஆயிரம் தடங்கள் வரிசையாக இருந்தன. சங்குமணி அம்மாவின் தடத்தைக் கண்டுபிடிக்கிறாள். கண்டுபிடித்துத் தூக்குகிறாள். அம்மா ஆளான வயசில் கொடுத்த சின்னப் பிள்ளைத் தடம் அது. உள்ளங்கை அகலம்தான் இருக்கிறது. கொண்டுபோய்க் கொடுத்தாலும் அம்மாவின் கால் இனி அதற்குள் நுழையாது. இதை எழுதி முடித்து வச்சலா பேனாவை மூடினாள். இதுதான், இதுதான் முடிவு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த எட்டு ஒன்பது நாளில் அவள் பட்ட சந்தோஷத்தை அதற்கப்புறம் அவள் பட்டதே இல்லை.

எல்லாம் சரி. நோட்டை எப்படி வெளியே கொண்டுவருவது? அங்கேதான் அவள் தப்புக் கணக்குப் போட்டாள். பதினோராம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் குடிசையைக் கொளுத்திவிடுவார்கள். உள்ளே இருந்த பாய், தட்டு, எதுவுமே வீட்டுக்குள் வரக்கூடாது. எல்லாம் தீட்டு, எல்லாம் நெருப்புக்கு. இது அவளுக்குத் தெரியும். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன் சித்தி மகள் பூவாயிக்குத் தண்ணீர் ஊற்றினபோது பார்த்திருக்கிறாள். காலையில் தண்ணீர் ஊற்றி, மத்தியானம் பந்தி முடிந்து, விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் கொளுத்தினார்கள். நடுவில் குடிசைப் பக்கம் ஒருத்தரும் போகவில்லை. அதனால் புதுப் புடவை கட்டினதும் நைசாக வந்து எடுத்து, அமிர்தவல்லி கையில் கொடுத்துவிடலாம் என்று திட்டம். மண்ணின் ஈரம் ஏறாமலும் அம்மா கண்ணில் படாமலும் இருக்க நோட்டை மேலே ஓலைக்கும் மூங்கிலுக்கும் நடுவில் செருகி வைத்தாள்.

பூவாயிக்குத் தண்ணீர் ஊற்றினது ஐப்பசி மழையில். ஓலையெல்லாம் நனைந்து கிடந்த காலம். பொறி பறக்கிற பயம் இல்லை. இது ஆவணி. உச்சிப்பொழுதுக்குக் கடல் காத்து எழும்பி நேரே குடிசைகள் பக்கம் வீசும். ஒரு பொறி போதும், குப்பமே சாம்பல். காலையில் காத்து கரையிலிருந்து கடலைப் பார்த்துப் போகும்போதே கொளுத்திவிட வேண்டும். கடலுக்குப் போகிற எந்த ஆணுக்கும் இது தெரியும். உள்ளே உட்கார்ந்திருந்த வச்சலாவுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. எதற்குச் சொல்லணும்?

பதினோராம் நாள் காலை. வீட்டுக்குப் பின்னால் மறைப்புக் கட்டி, மணைமேல் அவளை உட்கார வைத்து, தலைக்குமேல் சல்லடையைப் பிடித்து, ஒன்பது சுமங்கலிகள் மாற்றி மாற்றி மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. கண்ணைத் திறந்தால் மஞ்சள் எரிந்தது. அமிர்தவல்லி பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணலில் அப்போதுதான் வந்து சேர்ந்தாள். வந்தவள் கத்தினாள்.

"வச்சலா, உன் குடிசை எரியுதுடீ!"

புகை வாசனை அதற்கப்புறம்தான் மூக்கில் ஏறியது. வச்சலா சல்லடையைத் தட்டிவிட்டு எழுந்தாள். ஓடினாள். சொட்டச் சொட்ட ஓடினாள். "ஏய், ஏய், புடிங்கடி அவளை!" என்று பின்னாலேயே கூச்சல். குடிசையின் பின்பக்கம் பற்றிக்கொண்டு எரிந்தது. தாண்டவராயன் பந்தத்தோடு நின்றிருந்தான். அவனைத் தாண்டி உள்ளே பாய்ந்துவிட்டாள்.

பந்தத்தை வீசிவிட்டு அவனும் உள்ளே குதித்தான். அவள் மேலே கையை நீட்டி ஓலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். புகையில் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. கையில் கிடைத்த முடியைப் பிடித்து இழுத்தான். அவள் வரமாட்டேன் என்று உதைத்தாள், அவன் மணிக்கட்டைக் கடித்தாள். இடது முழங்கை வெந்தது. நோட்டு கையில் வந்தது. நனைந்த புடவைக்குள் அதைத் திணித்து மாரோடு அணைத்துக்கொண்டாள். அவன் அவளை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, பொறி விழுந்த வலைப் பக்கம் ஓடினான்.

நோட்டு தப்பித்துவிட்டது. ஓரம்தான் லேசாகக் கருகியிருந்தது. நெருப்பு ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. அவள் மணலில் கிடந்தபடியே சிரித்தாள். ஆனால் முந்தானை நுனியில் எரிகிற ஓலைத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்ததை அவள் பார்க்கவில்லை. ஆதியம்மாள் பார்த்தாள். பெற்ற வயிறு சும்மா இருக்குமா? "ஐயோ என் பொண்ணு!" என்று அலறிக்கொண்டு மஞ்சள் தண்ணீர் அண்டாவை அப்படியே தூக்கிவந்து மகள்மேல் கவிழ்த்தாள். இரண்டு பேர் தூக்கினாலும் அசையாத அண்டா அது. அது போதாதென்று இன்னொரு குடம். அப்புறம் இன்னொரு குடம்.

மத்தியானம் முழங்கையில் வாழைக்குருத்தைக் கட்டிக்கொண்டு வச்சலா வீட்டுக்குப் பின்னால் நோட்டைப் பிரித்தாள். மைப் பேனா எழுத்தல்லவா? ஒரு வரி மிச்சமில்லை. நீலமும் மஞ்சளும் கலந்து பக்கமெல்லாம் பாசி பிடித்த பச்சை. நெத்திலி காய்கிற மணலிலேயே ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து வைத்துக் காயவைத்தாள். காய்ந்ததும் ஒரே ஒரு சங்கதி தெரிந்தது. அமிர்தவல்லி படிக்கிறபோது ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தவை மட்டும் அழியவில்லை. 'ஐயோ பாவம்' என்று ஓரிடத்தில். 'இது சூப்பர்' என்று ஓரிடத்தில். 'இங்க நான் அழுதுட்டேன்' என்று ஓரிடத்தில். எதைப் படித்துவிட்டு அழுதாள் என்பதுதான் இல்லை. கடைசி அத்தியாயத்தில் பென்சிலும் கிடையாது.

"இன்னும் ஒரு மாசம் இருக்குடீ. ஞாபகத்துல இருக்கறதைத் திரும்ப எழுது" என்று அமிர்தவல்லி அழுதுகொண்டே சொல்லிவிட்டுப் போனாள்.

ஆதியம்மாள் வந்து கேட்டாள். "இன்னாத்துக்குடி நெருப்புல பூந்த?"

"நோட்டுக்கும்மா. கதை எழுதி வச்சிருந்தேன்."

ஆதியம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "இத்த வெளிய சொல்லாத. படிக்க வச்சி கெடுத்துட்டேன்னு என்னிய காறித் துப்புவாங்க. கல்யாணம் நின்னு பூடும். முனி அடிச்சிடுச்சின்னு சொல்லிக்கிறேன்."

அப்படியே காதும் காதும் வைத்த மாதிரி முடிந்தது. பூசாரி வந்தார். வேப்பிலையால் முதுகு தடிக்கிற வரைக்கும் அடித்தார். வச்சலா வாயைத் திறக்கவில்லை. அம்மாவின் தடத்தை மீட்டுக்கொண்டு வரத்தான் ஒன்றரை வருஷம் எழுதினாள் இந்தப் பெண். அதை அந்த அம்மாவே தன் கையால் கழுவி ஊற்றிவிட்டாள். அது அந்த அம்மாவுக்குத் தெரியவும் தெரியாது. யாரைப் போய் வைவது?

திரும்ப எழுதிப் பார்த்தாள். எழுதவில்லை என்று சொல்லக்கூடாது. அமிர்தவல்லி கொடுத்த புது நோட்டில் முதல் அத்தியாயத்தை ஆறு தடவை ஆரம்பித்தாள். ஆனால் இந்தச் சங்குமணி வேறு ஆளாக இருந்தாள். கட்டுமரத்தைத் தள்ளுவதற்கு முன்னால் அம்மாவிடம் உத்தரவு கேட்டாள். அலையைப் பார்த்துத் தயங்கினாள். வச்சலா எவ்வளவு பிடித்துத் தள்ளினாலும் அவள் தண்ணீரில் இறங்கவில்லை. செப்டம்பர் முப்பது வந்தது, போனது. வருஷக் கடைசியில் பார்த்தசாரதிக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அமிர்தவல்லி சொல்லிக்கொண்டு போக வந்தாள்.

"கடைசியில சங்குமணி என்ன ஆனா? அதை மட்டுமாவது சொல்லேன் எனக்கு."

"மறந்துட்டேன்" என்றாள் வச்சலா. பச்சைப் பொய். அமிர்தவல்லிக்கும் தெரியும் பொய்யென்று. 

அதற்கப்புறம் கூடைதான். அம்மாவோடு பஸ் ஏறிச் செங்கல்பட்டு. சங்கரா, வவ்வால், காலா என்று மீன் பெயர்களைக் கூவக் கற்றுக்கொண்டாள். பேரம் பேசுகிறவர்கள் வாயை அடைக்கக் கற்றுக்கொண்டாள். கல்யாணம்தான் தள்ளிக்கொண்டே போனது. அந்தத் தை, இந்தச் சித்திரை என்று தாண்டவராயன் ஏதாவது சாக்குச் சொன்னான். ஆதியம்மாள் அவன் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். நாலு வருஷம் கழித்து, எழுபத்தாறு ஆவணியில், மாமல்லபுரத்துப் பிள்ளையார் கோயிலில் வைத்துத் தாலி கட்டினான். வச்சலா சதுரங்கப்பட்டினத்துக்குப் போனாள். நல்ல மனுஷன்தான். கை ஓங்க மாட்டான், குடித்தாலும் சத்தம் போட மாட்டான். ஆனால் அவள் முகத்தை நேராகப் பார்க்க மாட்டான்.

ஒரு வருஷம் இப்படியே ஓடியது. ஒருநாள் காலையில் அவள் உலை வைத்திருந்தாள். அவன் வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். திடீரென்று ஊசியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தான்.

"ஒண்ணு கேக்கணும். அஞ்சு வருசமா நெஞ்சுல முள்ளா கீது."

"இன்னா மாமா?"

"அன்னிக்கி நெருப்புல ஏன் பூந்த? என்னிய கட்டிக்கப் புடிக்காமத்தான? முனி கினின்னு கதை வுட வேணாம். இசுக்க இசுக்க வரமாட்டேன்னு கடிச்சியே நீ. எனக்குத் தெரியாதா? அதுக்கோசரம்தான் கல்யாணத்தத் தள்ளிக்கினே இருந்தேன். அக்கா அழுவுறாளேன்னு கட்டிக்கினேன்."

வச்சலா அசந்து போனாள். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கெல்லாம் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. பாவம், அஞ்சு வருஷம் இதைச் சுமந்துகொண்டு திரிந்தானா இந்த மனுஷன்?

"இல்ல மாமா. ஒரு நோட்டுக்காவத்தான் பூந்தேன். கதை எழுதி உள்ள வச்சிருந்தேன்."

"நோட்டா?"

"ஆமா."

தாண்டவராயன் அவளை நேராகப் பார்த்தான். முதல் தடவையாகப் பார்த்தான். அப்புறம் அவன் முகம் மலர்ந்தது. தோள் குலுங்கச் சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"நோட்டா! அடச்சீ, வெறும் நோட்டுதானா! நான் இன்னாவோ ஏதோன்னு செத்துக்கினு இருந்தேனே! வெறும் நோட்டு!"

வச்சலா அடுப்பை ஊதினாள். அவன் சிரிப்பு அடங்கியதும் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஆசையாகக் கேட்டான்.

"அப்பன்னா, என்னியப் புடிச்சித்தான் கீது?"

"உலை கொதிக்குது மாமா, நவுரு" என்று சொல்லிவிட்டு அவள் அரிசியைக் களைந்து போட்டாள்.